ஓவன் வேண்டாம், அடுப்பு வேண்டும்: சித்திரைக்கு ஒரு வாய் இனிப்பு

விடுதியில் ஓவன் இல்லை. ஆனால் சித்திரைப் புத்தாண்டு வருகிறது. தமிழ்க் கழகத்தின் மாலை நிகழ்ச்சிக்கு யாராவது இனிப்பு கொண்டுவர வேண்டும். இந்த நிலையில் இருக்கும் மாணவர்கள் இன்று செய்வது ஒன்றுதான்: கைப்பேசியை எடுத்து, ஓவன் தேவைப்படாத குட்டி இனிப்பு வகைகளைத் தேடுவது. படிக்கிற காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன்.

கிடைத்த செய்முறை மிக எளிது. பேரீச்சம்பழம், ஓட்ஸ், கொக்கோத் தூள், தேங்காய் எண்ணெய். எல்லாவற்றையும் அரைத்து உருட்டி, சாக்லேட்டில் முக்கி, குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் முடிந்தது. 80 உருண்டைகள் செய்தோம். ஐந்து பேர் கைக்காசு போட்டிருந்தோம். காலையில் பெட்டியிலிருந்து எடுத்தபோது முத்து முத்தாக இருந்தன. மதியம் 3 மணிக்கு மண்டபத்தில் மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தது கறுப்புக் களி. உருண்டை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கரண்டியால் தோண்டிக் காகிதக் கோப்பையில் போட்டுக் கொடுத்தோம். சிலர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள் என்பது வேறு கதை.

அன்றிரவு பாட்டியிடம் போனில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “மாவு எதுவும் வறுத்தியா?” என்றார். இல்லை என்றேன். “வறுக்காம என்னத்த உருட்டுன?” என்றார். அந்தக் கேள்வியின் முழுப் பொருளும் புரிய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

முதலில் அந்தச் செய்முறை ஏன் காலை வாரியது என்று பார்ப்போம். அதை எழுதியவரின் மேல் தவறில்லை. அவர் எழுதியது குளிர்நாட்டு வசந்தத்துக்கு. லண்டனில் ஏப்ரல் மாதப் பகல் வெப்பம் ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸ். தேங்காய் எண்ணெய் உருகுவது 24 டிகிரி வாக்கில். ஆக, அங்கே சமையலறை மேசை மேல் அது மெழுகு போலக் கெட்டியாக நின்று உருண்டையைத் தாங்குகிறது. பினாங்கிலோ மதிய வெப்பம் 31, 32 டிகிரி. இங்கே அதே எண்ணெய் ஆண்டு முழுதும் பாட்டிலில் தண்ணீராகவே இருக்கும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே குழைந்துபோகும். சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும். நாம் வாழும் வெப்பமும் இந்த உருகுநிலைகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. குளிர்பதனப் பெட்டியில்தான் அந்த இனிப்புக்கு உயிர். வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பினாங்குத் தீவு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 டிகிரியில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். சித்திரையும் வைகாசியும் சேர்ந்தது இளவேனில் என்று நம் நாள்காட்டி சொல்கிறது. ஜார்ஜ்டவுனில் அன்றைக்கு வெளியே நடந்து பார்த்தவருக்கு ‘இள’ என்ற எழுத்துகளில் சந்தேகம் வரும்.

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். ‘ஓவன் வேண்டாத இனிப்பு’ என்பது ஏதோ புதிய கண்டுபிடிப்பு போலப் பேசப்படுகிறது. நம் சமையலறையில் ஓவனே இருந்ததில்லை. எள்ளுருண்டை, ரவா லட்டு, பொரிவிளங்காய், பாசிப்பயற்று மாவுருண்டை, கடலை மிட்டாய், இவற்றில் எதற்கும் ஓவன் தேவையில்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் தீ தேவை. பருப்பை வறுக்க வேண்டும், எள்ளைப் பொரிய விட வேண்டும், பாகு காய்ச்ச வேண்டும். ஓவன் செய்யும் வேலையை நம்மவர்கள் முன்கூட்டியே வாணலியில் முடித்துவிட்டு, பிறகு உருட்டினார்கள்.

இதில் ருசி மட்டும் இல்லை, பாதுகாப்பும் இருக்கிறது. பச்சைக் கோதுமை மாவைச் சேர்த்து, வேகவைக்காமல் ‘குக்கீ மாவு’ உருண்டை செய்யும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. மாவு பார்ப்பதற்கு உலர்ந்த பொருள். ஆனால் அது வயலிலிருந்து வந்த பச்சைத் தானியம். கிருமிகளைக் கொல்லும் எந்தக் கட்டமும் அதற்கு நடந்திருக்காது. அமெரிக்காவில் 2016இல் மாவு வழியாகப் பரவிய ஈ.கோலை கிருமியால் 60க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பெருமளவு மாவு கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆகவே கோதுமை மாவோ அரிசி மாவோ, எந்தப் பச்சை மாவையும் வறுக்காமல், அவிக்காமல், கொதிக்க வைக்காமல் வாயில் போடாதீர்கள். கடையில் வாங்கும் ஓட்ஸும் பிஸ்கட்டும் பொட்டுக்கடலையும் ஏற்கெனவே சூடு கண்டவை. அவற்றுக்கு இந்தக் கவலை குறைவு.

சரி, மாவுருண்டை மட்டும் ஏன் 32 டிகிரியில் உருகவில்லை? அதிலும் நெய் இருக்கிறதே, நெய்யும் உருகும் பொருள்தானே? இங்கேதான் விஷயம் இருக்கிறது. சாக்லேட் உருண்டையில் கொழுப்புதான் சுவர். சுவர் உருகினால் வீடு விழும். மாவுருண்டையில் வறுத்த மாவுத் துகள்கள் செங்கல். நெய் வெறும் சாந்து. ஒவ்வொரு துகளையும் மெல்லிய படலமாகப் பூசி, பக்கத்துத் துகளோடு ஒட்ட வைக்கிறது. கையால் இறுக்கிப் பிடிக்கும்போது துகள்கள் நெருங்கி அமர்கின்றன. வெயிலில் நெய் இளகினாலும் செங்கற்கள் நகர்வதில்லை. கொஞ்சம் மென்மையாகும், அவ்வளவுதான். மேலும் வறுத்த மாவில் ஈரம் மிகக் குறைவு. கிருமி வளரத் தண்ணீர் கிடைக்காது. குளிர்பதனப் பெட்டியே இல்லாமல் டின்னில் ஒரு வாரம் இருக்கும்.

செய்து பாருங்கள். பாசிப்பருப்பு 250 கிராம். அடிகனமான வாணலியில் எண்ணெய் இல்லாமல், சிறு தீயில் வறுக்க வேண்டும். இந்த ஒரு கட்டத்தில்தான் பொறுமை தேவை. 12 முதல் 15 நிமிடம் ஆகும். பருப்பு பொன்னிறமாகி வாசம் எழ வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சை வாடை நிற்கும். முழுதாக ஆறவிட்டு, நைசாக அரைத்துச் சலியுங்கள். 150 கிராம் சீனியையும் 4 ஏலக்காயையும் தூளாக்கிக் கலந்துகொள்ளுங்கள். 110 கிராம் நெய்யைச் சூடாக்கி, அதில் கொஞ்சம் முந்திரியை வறுத்து, நெய்யோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாவில் ஊற்றுங்கள். மாவைக் கைப்பிடியில் அழுத்தினால் பிடி நிற்க வேண்டும். அந்த நிலையில் நெய்யை நிறுத்திவிடலாம். சூடு ஆறுமுன் பெரிய கோலிக்குண்டு அளவில் உருட்டினால் 32 உருண்டைகள் வரும். உதிர்கிறதா? மேலும் ஒரு கரண்டி சூடான நெய் விடுங்கள். தண்ணீர் மட்டும் தெளிக்காதீர்கள். தெளித்தால் அன்றே தின்று முடிக்க வேண்டியதுதான்.

லிட்டல் இந்தியாவின் மளிகைக் கடைகளில் இதற்கான எல்லாப் பொருளும் கிடைக்கும். என் பங்குக்கு ஒரு மாற்றம்: ஏலக்காய்க்குப் பதில் ஜாதிக்காயைச் சிறிது துருவிப் போடுங்கள். பாலிக் புலாவ் பக்கம் விளையும் ஜாதிக்காய் நம் தீவின் பெயர்பெற்ற பொருள். ஆனால் அதை ஊறுகாயாகவும் சாறாகவும் மட்டுமே பெரும்பாலும் பார்க்கிறோம். நெய்யோடு அதன் வாசம் நன்றாகச் சேர்கிறது. கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கூடினால் மருந்து போல இருக்கும்.

எள்ளுருண்டை இன்னொரு வகைப் பொறியியல். அங்கே சாந்து வெல்லப்பாகு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று படித்திருக்கிறீர்கள். பாகு கொதிக்கக் கொதிக்க நீர் வெளியேறுகிறது, இனிப்பின் அடர்த்தி ஏறுகிறது, கொதிநிலையும் ஏறுகிறது. 115 டிகிரி வாக்கில் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால் கரையாமல் மெத்தென்று உருளும். அதைத்தான் உருண்டைப் பதம் என்கிறோம். அந்த நிலையில் பாகில் ஏறத்தாழ 85 விழுக்காடு இனிப்புதான். வெப்பமானி இல்லாத காலத்தில் ஒரு கிண்ணத் தண்ணீரே வெப்பமானியாக இருந்திருக்கிறது. எஸ்.பி.எம். வேதியியல் படிக்கும் மாணவர்கள் இதை வீட்டில் ஒருமுறை பார்த்துவிட்டால் கரைசல் அடர்த்தி என்ற பாடம் மறக்காது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முதல் முறை செய்பவர்களுக்கு இது கடினம். பாகு கை பொறுக்காத சூட்டில் இருக்கும்போதே உருட்ட வேண்டும். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும் நாளில் முயலுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தை வெல்லம் இழுத்துக்கொள்ளும் என்பதால், செய்ததும் காற்றுப் புகாத டின்னில் போட்டு மூட வேண்டும்.

வெப்ப நாடுகள் எல்லாமே இந்தச் சிக்கலுக்கு ஏதோ ஒரு விடை கண்டிருக்கின்றன. பிரேசிலின் பிரிகதேய்ரோ ஒரு நல்ல சான்று. டின் பால், கொக்கோ, சிறிது வெண்ணெய், மூன்றே பொருள். 1940களில், எதுவார்தோ கோமெஸ் என்ற விமானப்படைப் பிரிகேடியர் அதிபர் தேர்தலில் நின்றபோது, அவரது பதவிப் பெயரையே இனிப்புக்கும் வைத்தார்கள். அவர் தேர்தலில் தோற்றார். இனிப்பு மட்டும் இன்றைக்கும் அந்நாட்டுப் பிறந்தநாள் விழாக்களில் தவறாமல் இருக்கிறது. அதைக் கிண்டும் பதம் நமக்குப் புதிதல்ல: கரண்டியால் இழுத்தால் சட்டியின் அடி தெரிய வேண்டும், கலவை சுருண்டு விலக வேண்டும். அல்வா கிண்டும் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஈரானில் மார்ச் 20 வாக்கில் வரும் நவ்ரோஸ் புத்தாண்டு, வசந்தத்தின் முதல் நாள். அதற்கு அவர்கள் செய்யும் ‘தூத்’ என்ற இனிப்பும் ஓவன் பார்க்காதது. பாதாம் மாவு, சீனித்தூள், பன்னீர் சேர்த்துப் பிசைந்து, முசுக்கொட்டைப் பழ வடிவில் பிடித்து, சீனியில் புரட்டி, காம்புக்கு ஒரு பிஸ்தாக் கீற்று செருகுவார்கள். பாதாம் விலை கட்டாது என்றால் முந்திரி மாவில் செய்யலாம். கூட்டத்துக்குச் செய்யும் இனிப்பு இல்லை இது; வீட்டில் பூசைத்தட்டில் வைக்கப் பத்துப் பதினைந்து செய்தால் அழகாக இருக்கும்.

நம் நாட்டிலேயே இருக்கும் விடை, கெக் பாத்திக். பள்ளித் தோழர்களின் வீட்டில் ஹரி ராயாவுக்கு இதைச் சாப்பிடாத மாணவர் குறைவு. மேரி பிஸ்கட்டை உடைத்து மைலோக் கலவையில் புரட்டி அழுத்தி, துண்டு போட்டால், வெட்டிய பக்கத்தில் பிஸ்கட் துண்டுகள் பாத்திக் துணியின் கோலம் போலத் தெரியும். மேரி பிஸ்கட் லண்டனில் 1874இல் ரஷ்ய இளவரசி மரியா அலெக்சாந்திரோவ்னாவின் திருமணத்தையொட்டி வந்தது; மைலோ 1934இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. இரண்டும் நம் ஊர் மளிகைக் கடையில் சந்தித்துக்கொண்டன. இதன் தூரத்து உறவான சாக்லேட் பிஸ்கட் கேக்கைத்தான் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியம் 2011இல் தம் திருமணத்துக்குக் கேட்டு வாங்கினார். அதுவும் ஓவன் காணாத கேக்தான்.

விடுதி அடுப்புக்கு ஏற்ற அளவு இது. வெண்ணெய், மைலோ, டின் பால் ஒவ்வொன்றும் 150 கிராம். கொக்கோத் தூள் 30 கிராம், தண்ணீர் 4 மேசைக்கரண்டி. சிறு தீயில் 6, 7 நிமிடம் கிண்டினால் பளபளப்பாகக் கெட்டிப்படும். அடுப்பை அணைத்து, நான்காக உடைத்த மேரி பிஸ்கட் 300 கிராமைப் போட்டுப் புரட்டுங்கள். காகிதம் விரித்த 18 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் அழுத்தமாகப் பரப்பி, 4 மணி நேரம் குளிர வைத்து, ஆறுக்கு ஆறாக வெட்டினால் ஒரு வாய் அளவில் 36 துண்டுகள். சிலர் முட்டை சேர்ப்பார்கள். அரைகுறையாக வெந்த முட்டை மண்டபத்து வெயிலில் காத்திருப்பது நல்லதல்ல, நான் சேர்ப்பதில்லை. பிஸ்கட் செங்கல் வேலை செய்வதால் இது என் கறுப்புக் களியைப் போலச் சரியாது. ஆனாலும் வெண்ணெய் வெண்ணெய்தான். பரிமாறும் நேரம்வரை ஐஸ் கட்டியோடு பெட்டியிலேயே இருக்கட்டும்.

டின் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். ‘சூசூ பெக்காட் மானிஸ்’ என்றால் இனிப்பூட்டிய கெட்டிப் பால். ‘கிரீமர் மானிஸ்’ என்றால் பெரும்பாலும் செம்பனை எண்ணெய் சேர்ந்த கலவை. இரண்டிலும் இனிப்பு வரும். பிரிகதேய்ரோவுக்கு முதலாவதே நல்லது.

தேங்காய்ப்பூ சேரும் இனிப்பு எதுவானாலும் தனிக் கவனம் வேண்டும். ஓண்டே ஓண்டே எல்லாருக்கும் பிடிக்கும். பண்டான் மணக்கும் பச்சை உருண்டையைக் கடித்ததும் உள்ளே குலா மலாக்கா வெடிக்கும். ஒரு வகையில் நம் பூரணக் கொழுக்கட்டையின் பக்கத்து வீட்டுப் பிள்ளை. புளுட் மாவைப் பண்டான் சாற்றில் பிசைந்து, நடுவில் குலா மலாக்காத் துண்டு வைத்து உருட்டி, கொதிநீரில் போட்டு, மிதந்து வந்த பின்னும் ஒரு நிமிடம் விட்டு எடுப்பார்கள். சிக்கல் மேலே புரட்டும் தேங்காயில்தான். துருவிய பச்சைத் தேங்காய் நம் வெப்பத்தில் சில மணி நேரத்தில் புளிக்கும். அதனால்தான் கூவே செய்பவர்கள் தேங்காய்ப்பூவை ஒரு சிட்டிகை உப்பும் பண்டான் இலையும் சேர்த்து 10 நிமிடம் ஆவியில் வைத்த பிறகே புரட்டுகிறார்கள். அப்படிச் செய்தாலும் அன்றைய பண்டம் அன்றே முடிய வேண்டும். சிறு பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் பாதியாக வெட்டிக் கொடுங்கள். புளுட் மாவு தொண்டையில் நின்றுவிடும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. குட்டி இனிப்பில் ஓர் ஏமாற்று இருக்கிறது. ஒரு கேக் துண்டை எடுத்தால் எடுத்தது தெரியும். ஒரு வாய் உருண்டையை எடுத்தால் எடுத்ததாகவே தோன்றாது. பேசிக்கொண்டே ஆறு உள்ளே போய்விடும். மேலே சொன்ன மாவுருண்டை ஒன்றில் சீனி கிட்டத்தட்ட 5 கிராம். கெக் பாத்திக் துண்டில் 5, 6 கிராம். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கப்படும் இனிப்பை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள்ளும், முடிந்தால் 25 கிராமுக்குள்ளும் நிறுத்தச் சொல்கிறது. ஐந்து உருண்டையில் அந்த 25 முடிந்துவிடுகிறது; காலையில் குடித்த தே தாரிக் இன்னும் கணக்கில் வரவில்லை. 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு. புத்தாண்டு அன்று உங்கள் வீட்டுக் கூடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய செய்முறைகளில் மாவும் சீனியும் சமம். நான் மேலே கொடுத்திருப்பது பத்துக்கு ஆறு. பருப்பை நன்றாக வறுத்தால் அந்த வாசமே இனிப்பைத் தூக்கிக் காட்டும். குறைத்தது யாருக்கும் தெரிவதில்லை. இன்னும் குறைத்தால் உருண்டை பிடிக்குமா என்று கேட்பீர்கள். மாவுருண்டை பிடிக்கும், ஏனென்றால் அங்கே ஒட்டுவது நெய். எள்ளுருண்டையில் குறைக்க முடியாது. அங்கே ஒட்டுவதே வெல்லம். ‘சீனிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, அதனால் எத்தனை வேண்டுமானாலும் தின்னலாம்’ என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். வாசம் வேறு, உடலுக்குப் போய்ச் சேருவது இனிப்புதான்.

கல்லூரித் தொழில்முனைவர் நாளில் விற்க நினைப்பவர்கள் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். உணவு விற்பனையைத் தொடர்ந்து செய்வதானால், 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகளின்படி உணவைக் கையாள்பவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். பெட்டியின் மேல் முந்திரி, எள், பால், கோதுமை என்று உள்ளதை எழுதி ஒட்டுங்கள். ஒவ்வாமை உள்ள ஒரு தோழருக்கு அந்த ஒரு வரி போதும். பால், முட்டை, பச்சைத் தேங்காய் சேர்ந்த எதையும் மண்டப வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்து விற்காதீர்கள்.

ஏப்ரல் 14 நம் நாட்டில் பொது விடுமுறை இல்லை. அன்று வகுப்பு இருக்கலாம், தேர்வுகூட இருக்கலாம். ஆகவே 12ஆம் தேதி மாலை பருப்பை வறுத்து அரைத்து வையுங்கள். 13 இரவு நெய் காய்ச்சி உருட்டுங்கள்; நான்கு பேர் உட்கார்ந்தால் முக்கால் மணி நேர வேலை. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வகுப்புக்கு ஓடும்போது டின் பையில் இருக்கும், ஐஸ் வேண்டாம், கரண்டி வேண்டாம்.

பாட்டிக்கும் நீரிழிவு உண்டு. கறுப்புக் களிக்கு அடுத்த ஆண்டு நான் வறுத்து உருட்டிக் கொண்டுபோன மாவுருண்டையில் ஒன்றை எடுத்து, நகத்தால் சரிபாதியாகப் பிளந்தார். ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டு, மறு பாதியை என்னிடம் நீட்டினார். மென்று முடித்த பிறகு, “இன்னும் ரெண்டு நிமிஷம் வறுத்திருக்கலாம்” என்றார்.